ஒருவர் கூற்றுக்கு ஒரு கோலம்

பலர் கூற்றுக்கள் ஒரே பக்கத்தில் விரவி வருங்கால், அவற்றுள் ஒருவர் கூற்றை மாத்திரம் வேறுபடுத்திக் காட்டுதல் எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அச்சுலகம் இதற்கு நிறத்தை நாடிற்று. அமெரிக்காவில் லூயி கிளாப்ஷ் என்பார் 1899-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இயேசுநாதரின் திருமொழிகள் செம்மையிற் பொறிக்கப்பட்டன. ஆயின், நம் நாகர்கோவிலில் லண்டன் மிஷனார் 19-ஆம் நூற்றாண்டில் நடத்திய அச்சகம் போன்ற ஈய எழுத்துக் கூடங்களில், இரு நிறம் வேண்டின் ஒரே தாளை இருமுறை அச்சேற்ற வேண்டியிருக்கும்.

கணினித் திரையில் இத்தொல்லை இல்லை. நார்வே நாட்டினரான ஹோகன் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் நெறியாக ஏற்கப்பெற்ற சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள், சொல்லை ஓரிடத்தும் அதன் கோலத்தைப் பிறிதோரிடத்தும் வைக்கின்றது. ஒருவர் கூற்று ஒவ்வொன்றிற்கும் ஒரே வகைப்பெயரிட்டு, அவ்வகைக்கு உரிய நிறம், தடிப்பு, ஓரக்கோடு ஆகியவற்றை நடைத்தாளில் ஒருமுறை விதித்தாற் போதும். நூறு கூற்றுக்களும் அக்கோலம் பூணும். விதியை மாற்றின் யாவும் மாறும். சொல்லில் ஓரெழுத்தும் பிறழாது.

எனினும், சிவப்பையும் பச்சையையும் பகுத்தறிய இயலாத கண்ணினர் உளர். ஆதலின் நிறத்தோடு ஓரக்கோடும் சேர்த்தல் நலம். சாய்வெழுத்தினும் தடித்த எழுத்தே தமிழுக்குப் பொருந்துவதாம். பக்கத்தைச் செவியாற் கேட்கும் பார்வையற்றோர்க்கோ எக்கோலமும் எட்டாது. ஆகவே, கூறினார் பெயரை எழுத்திலும் குறித்தல் நம் கடனாகும்.