படத்தைத் திருப்பிப் போட்டால் உரிமை மாறாது

தோவாளை பூச்சந்தையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைச் சில ஆண்டுகளுக்கு முன் படம் எடுத்தேன். "எடுத்துக்கோ மக்ளே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை முகநூலில் போட்டேன். சென்ற ஆண்டு வெளிநாட்டு ஸ்டாக் போட்டோ தளம் ஒன்றில் அதே முகம் விலைக்குக் கிடந்தது. இடவலமாகத் திருப்பி, பின்னாலிருந்த கடைப் பலகையை வெட்டி, நிறத்தைக் கூட்டியிருந்தார்கள். முதலில் எனக்கே சந்தேகம். பிறகுதான் கவனித்தேன், பாட்டியின் முந்தானை வலது தோளில் கிடந்தது. எங்கள் பக்கம் யாரும் அப்படி உடுத்துவதில்லை. விற்பவர் பெயர் யாருடையதோ. 'படத்தில் இருப்பவரின் ஒப்புதல் படிவம் உண்டு' என்ற குறிப்பு வேறு. பாட்டி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

சோதனை எங்கே தவறுகிறது?

ஸ்டாக் தளம் ஒரு சந்தை. யாரும் கணக்குத் தொடங்கிப் படம் ஏற்றலாம். விற்றால் ஏற்றியவருக்கு ராயல்டி. வரும் படங்களை மென்பொருளும் ஆட்களும் சரிபார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது படம் தெளிவாக இருக்கிறதா, வணிகச் சின்னம் தெரிகிறதா, படிவம் இணைத்திருக்கிறதா என்பதைத்தான். எடுத்தவர் யார் என்பதற்கு, ஏற்றுபவர் தரும் உறுதிமொழியே பெரும்பாலும் போதுமானதாகிவிடுகிறது. தன் கிடங்கில் ஏற்கெனவே உள்ள படத்தின் நகலைத் தளம் பிடிக்கக்கூடும். உங்கள் முகநூலில் மட்டும் இருக்கும் படம் அதற்கு எப்படித் தெரியும்? இந்த ஓட்டையில்தான் திருடர்கள் நுழைகிறார்கள்.

இரண்டு வழக்குகள், இரண்டு பாடங்கள்

2010 ஜனவரி 12 அன்று ஹைதியில் பூகம்பம். புகைப்படக்காரர் டேனியல் மொரேல் தான் எடுத்த படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தன்னுடையவை என்று போட, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டது. படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் வழியாக அவை உலகெங்கும் போயின. சமூக ஊடகத்தில் போட்ட படத்தை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 8 படங்களுக்காக அவருக்கு 12 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2013 நவம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது.

புகைப்படக்காரர் கரோல் ஹைஸ்மித்தின் அனுபவம் வேறு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குத் தன் படங்களைப் பொதுப் பயன்பாட்டுக்காகவே கொடுத்திருந்தார். தன் படத்தைத் தன் இணையதளத்தில் வைத்திருந்ததற்காக 120 டாலர் கேட்டு, ஒரு ஸ்டாக் நிறுவனத்தின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது. 2016-இல் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுவிட்டதால் அவரது முக்கியக் கோரிக்கைகள் நிற்கவில்லை. ஆகவே, இலவசமாகத் தரும் முன் எந்த உரிமத்தின் கீழ் தருகிறோம் என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

சட்டம் தரும் உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி புகைப்படமும் கலைப்படைப்பே. எடுத்த நொடியிலேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. எடுத்தவர் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையால் பிற உறுப்பு நாடுகளிலும் பாதுகாப்பு உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது: காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த கல்யாணப் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. ஸ்டுடியோக்காரர் அதை விற்க முடியாது.

திருட்டுத் தெரிந்தால்

1. முதலில் சாட்சியம். படத்தின் பக்கம், முகவரி, எண், விற்பவர் கணக்கு, தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், உஷாராகி நீக்கிவிடுவார்.

2. படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகியவற்றில் தேடுங்கள். திருப்பிப் போட்ட வடிவத்தையும் தேடுங்கள். விற்பவரின் அதே கணக்கில் மற்றவர்கள் படங்களும் இருக்கலாம்.

3. கேமராவின் ரா ஃபைல், முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்கள் ஆகியவையே வலுவான ஆதாரம். வெட்டிய ஓரம் உங்களிடம்தான் இருக்கிறது. திருடியவரால் அதைக் காட்ட முடியாது.

4. அமெரிக்கத் தளமென்றால் டி.எம்.சி.ஏ. என்ற அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் புகார் அனுப்புங்கள். வக்கீல் அவசியமில்லை. படத்தின் முகவரி, உங்கள் விவரம், உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்து வேண்டும். பொய்ப் புகார் உங்கள் மேலேயே திரும்பும். இந்திய விதிகளின்படி, பிறர் படைப்பைத் தேக்கி வழங்கும் தளம் முறையான புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

5. நஷ்டஈட்டுக்கு நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தையே நாடலாம். தெரிந்தே செய்த திருட்டுக்கு 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

படம் வாங்குவோரும் கவனியுங்கள். திருடியவர் தந்த லைசென்ஸ் உங்களைக் காக்காது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வழக்கு வந்தால் தளம் பொறுப்பேற்குமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

என் புகாருக்குப் பின் பாட்டியின் படம் தளத்திலிருந்து இறங்கியது. யார் வாங்கினார்கள் என்று கேட்டதற்கு அந்தத் தளம் பதில் தரவில்லை. தோவாளைக்குப் போய்ப் பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். பூவிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: "எடுத்தாச்சின்னு சொல்லுத. வாங்கிட்டுப் போனவன்கிட்ட இருக்கதுக்கு என்ன செய்ய மக்ளே?"

என்னிடம் பதிலில்லை. புகார் விற்பனையை நிறுத்தும். விற்றுப்போனதைத் திரும்பக் கொண்டுவராது. அதனால்தான் சொல்கிறேன், மாதம் ஒருமுறை உங்கள் படங்களைத் தேடிப் பாருங்கள்.