நம்ம வீட்டுக்கு எந்த நாய்?



நாய் வளர்க்க ஆசைப்படாதவங்க நம்ம கிளாஸ்ல யாருமே இல்லை. "என்ன நாய்?"னு கேட்டா உடனே ஒரு பேர் சொல்லுவோம். டிவியிலயோ செல்போன்லயோ பார்த்த பேரா இருக்கும். நம்ம வீடு எப்படி, பகல்ல வீட்ல யார் இருப்பாங்க, என்ன சோறு போடுவோம், இதையெல்லாம் யாரும் யோசிக்கறது இல்லை.

முதல்ல ஒரு விஷயம். ஒவ்வொரு வகை நாயையும் மனுஷங்க ஏதோ ஒரு வேலைக்காகத்தான் தலைமுறை தலைமுறையா வளர்த்து எடுத்திருக்காங்க. வேலை போனாலும் அந்தக் குணம் போகாது. லாப்ரடார் நாயோட முன்னோர்கள் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவுல மீனவர்களுக்கு வலை இழுத்தவை. அதனால் தண்ணியைக் கண்டா அதுக்கு ஒரே குஷி. நாம அல்சேஷன்னு சொல்ற ஜெர்மன் ஷெப்பர்ட், ஆட்டு மந்தையை மேய்த்த நாய். நாள் பூரா ஓடியாடி வேலை செய்யணும் அதுக்கு.

எங்க சொந்தத்துல ஒரு வீட்ல ஆசையா அல்சேஷன் குட்டி வாங்கினாங்க. பேரு டைகர். அந்த வீட்ல ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. காலையில சங்கிலியில கட்டிட்டுப் போனா ராத்திரிதான் அவிழ்ப்பாங்க. ஒரு வருஷத்துல அது யாரைப் பார்த்தாலும் பாய ஆரம்பிச்சுடுச்சு. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கடிச்சிடுச்சு. அப்புறம் அதை வண்டியில ஏத்திட்டுப் போய் எங்கேயோ ரோட்டோரம் விட்டுட்டு வந்துட்டாங்க. டைகர் கெட்ட நாய்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. மந்தையோட ஓடப் பிறந்ததை ஆறடிச் சங்கிலியில கட்டினா அது என்ன செய்யும்?

அடுத்தது நம்ம வெயில். நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டைத் தணிச்சுக்கும். சைபீரியாவுல பனியில வண்டி இழுக்கற ஹஸ்கிக்கு ரெண்டு அடுக்கு முடி. 1925ல் அலாஸ்காவுல நோம் என்ற ஊர்ல தொண்டை அடைப்பான் நோய் பரவினப்போ, சுமார் 1,000 கிலோமீட்டர் தூரம் பனியில மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த மாதிரி வண்டி இழுக்கற நாய்கள்தான். வீரமான நாய், சரி. ஆனா சேத்தியாத்தோப்பு கத்திரி வெயில்ல, தகர ஷீட்டு போட்ட வீட்ல, அது பாடு என்ன ஆகும்? என் தம்பிகிட்ட இதைத்தான் கேட்டேன். பதில் சொல்லல.

2003ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடியே போகுமே, சப்பை மூக்கு பக் நாய், அந்த விளம்பரத்துக்கு அப்புறம் ஊர் ஊரா அதை வாங்கினாங்களாம். அப்பா சொல்லுவாங்க. மூக்கு சப்பையா இருக்கறதால அதுக்கு மூச்சு விடறதே கஷ்டம். அப்புறம் சூட்டை எப்படித் தணிக்கும்?

நம்ம தமிழ்நாட்டு நாய்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாமே ஊர்ப் பேர்கள்தான். கன்னி நாய் கறுப்பா, கால்லயும் முகத்துலயும் பழுப்பு நிறமா இருக்கும். 2005ல் இந்திய அஞ்சல்துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டப்போ அதுல ராஜபாளையமும் ஒண்ணு. அப்பாவுக்கு அதுமேலதான் ஆசை. நல்ல காவல் நாய், ஆனா பெரிய நாய், ஓட இடம் வேணும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். சில வெள்ளைக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தோலுக்கு நிறம் தர செல்கள் உள்காதுக்கும் தேவை, அது இல்லாததால இப்படி ஆகுதாம். அதனால் குட்டிக்குத் தெரியாம பின்னாடி நின்னு கை தட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டை நாய்கள். கண்ணால பார்த்துத் துரத்தறவை. எது ஓடினாலும் பின்னாடி பாயும். எங்க ஆயா பத்துக் கோழி வளர்க்கறாங்க. "அந்த நாய் வந்தா என் கோழி ஒண்ணு தங்குமா?"னு ஆயா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. குட்டியிலேர்ந்தே பழக்கினா அடங்கும்னு சொல்றாங்க. ஆனா பழக்க ஆள் யாரு? அப்பா நெய்வேலிக்கு ஷிப்டு போயிடுவாங்க, அம்மா கொல்லைக்குப் போயிடுவாங்க.

கடைசியா எங்க வீட்டுக்கு நான் சொன்னது தெருநாய்க் குட்டிதான். ரைஸ்மில் பின்னாடி நாலு குட்டி போட்டிருந்துச்சு. மூணு கடுவனையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொட்டைக் குட்டி மட்டும் கிடந்துச்சு. பொட்டைன்னா குட்டி போடும்னு யாரும் எடுக்க மாட்டாங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கேட்டேன். கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா குட்டி போடாது, பொட்டை நாயும் நல்லாவே காவல் காக்கும்னு சொன்னாங்க. நாட்டு நாய்க்கு நம்ம வெயிலும் மழையும் பழக்கம். சின்ன வீடே போதும். ரெண்டு மாசம் ஆகறவரைக்கும் தாயை விட்டுப் பிரிக்கக் கூடாதுங்கறதால இன்னும் பத்து நாள் இருக்கு.

சோறு விஷயத்துல எல்லாரும் கவனிங்க. நாம சாப்பிட்ட மிச்சத்தை அப்படியே போடுவோம். வெங்காயம் நாய்க்கு விஷம், ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் ஆகாது. வேகவெச்ச கோழி எலும்பு கூரா உடைஞ்சு குடலைக் குத்திடும்.

எந்த நாயா இருந்தாலும் மூணு மாசம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடணும். அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில ஒண்ணு, பிறகு வருஷத்துக்கு ஒண்ணு. இந்த நோய் மனுஷங்களுக்கு வந்துட்டா பிழைக்க வைக்க மருந்து இல்லை. வராம தடுக்கத்தான் ஊசி இருக்கு. 1885ல் லூயி பாஸ்டர் ஒன்பது வயசுப் பையனுக்கு முதன்முதலா அதைப் போட்டார். நம்ம குன்னூர்ல 1907லேயே பாஸ்டர் நிறுவனம் தொடங்கிட்டாங்க.

நாய் கடிச்சா, அது வீட்டு நாயா இருந்தாலும், குழாய்த் தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. வீட்ல திட்டுவாங்கன்னு மறைக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். ஒரு ஊசியோட நிறுத்தாம, சீட்டுல எழுதித் தர தேதி எல்லாத்துக்கும் போய்ப் போட்டுக்கணும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி