யார் விட்டார்? எதிலிருந்து விட்டார்?

ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தொகுத்துத் தருவதற்குத் தமிழில் நிகண்டுகள் தோன்றின. ஆங்கிலத்தில் அப்பணியைப் பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட ‘தெசாரஸ்’ செய்தது. இத்தகைய நூல்கள் சொற்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கின்றன. எந்த இடத்தில் எந்தச் சொல்லை ஆள வேண்டும் என்று அறிவது நம் வேலை.

விடுவித்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். ‘ரிலீஸ்’, ‘ஃப்ரீ’, ‘ரெஸ்கியூ’, ‘லிபரேட்’, ‘இமான்சிபேட்’, ‘டிஸ்சார்ஜ்’, ‘அக்விட்’ எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ‘விடுவி’, ‘விடுதலை செய்’ என்றே நாம் பொருள் எழுதிவிடுகிறோம். இதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது கைக்கு வந்த சொல்லைப் போடுகிறோம். தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் ‘விடுதலை’ ஆக்கிவிடுகிறோம். முன்னதால் நடை கெடும். பின்னதால் சில இடங்களில் உண்மையே கெடும்.

இச்சொற்களைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து. யார் விட்டார்? எதிலிருந்து விட்டார்? விட்ட பின் அவர் நிலை என்ன?

பிடித்த கையும் மீட்ட கையும்

‘ரிலீஸ்’ என்பது பிடித்தவரே பிடியை விடுவது. கையிலுள்ள பலூனை விடுவதும், காரின் கைபிரேக்கைத் தளர்த்துவதும், சிறை நிர்வாகம் கைதியை வெளியே அனுப்புவதும், தயாரிப்பாளர் படத்தை வெளியிடுவதும் இச்சொல்லுக்குள் அடங்கும். ‘தளர்த்துதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. விட்டது சரியா, தவறா என்பதைப் பற்றி இச்சொல்லுக்குக் கவலையில்லை.

‘ஃப்ரீ’ என்பது வினையாக வரும்போது விட்டவரைக் காட்டிலும் விடுபட்ட நிலையையே முன்னிறுத்துகிறது. வலையில் சிக்கிய பறவையை வழிப்போக்கர் ஒருவரும் ‘ஃப்ரீ’ செய்யலாம். இச்சொல்லின் மூலவேர் ‘அன்பு’ என்னும் பொருளுடையது. ஆங்கிலத்தில் நண்பரைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லும், வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த ‘பிரியம்’ என்ற சொல்லும் இதற்கு உறவு முறையே. அடிமையாக இல்லாமல், அன்புக்குரிய சொந்தக் கூட்டத்தில் ஒருவராக இருப்பவரே சுதந்திர மனிதர் என்ற பழைய எண்ணத்தை இவ்வேரில் காண்கிறோம்.

‘ரெஸ்கியூ’ என்றால் ஆபத்து இருக்க வேண்டும். காப்பாற்ற வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். கடத்தல்காரர்கள் பிணைக்கைதிகளை ‘ரிலீஸ்’ செய்வார்கள். காவல்துறையினர் ‘ரெஸ்கியூ’ செய்வார்கள். ‘பிணைக்கைதிகள் விடுவிக்கப்பட்டனர்’ என்று தமிழில் எழுதினால் யார் செய்தது என்பது மறைந்துபோகும். ‘விட்டனர்’, ‘மீட்டனர்’ என்ற இரண்டு நல்ல வினைகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினாலே செய்தி தெளிவாகிவிடும்.

1945-உம் 1957-உம்

‘லிபரேட்’ என்பது பெரும்பாலும் ஊருக்கும் நாட்டுக்கும் உரிய சொல். 1944 ஆகஸ்டு 25-இல் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் பிடியிலிருந்து ‘லிபரேட்’ செய்யப்பட்டது. இச்சொல்லில் சொல்பவரின் சார்பும் கலந்திருக்கிறது. விட்டவர் நல்லவர், பிடித்திருந்தவர் கொடியவர் என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

நம் வட்டாரத்தையே பாருங்கள். ஆசியாவை வெள்ளையரிடமிருந்து விடுவிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டுதான் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றினர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததை ஆங்கில நூல்கள் ‘லிபரேஷன்’ என்றே எழுதின. திரும்பி வந்தவர்களோ பழைய எசமானர்கள்! 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா பெற்றதை யாரும் ‘லிபரேஷன்’ என்பதில்லை. அது ‘இண்டிபெண்டன்ஸ்’, ‘மெர்டேக்கா’. முன்னதில் விடுவித்த கை ஒன்று தெரிகிறது. பின்னதில் சொந்தக் காலில் நிற்பது தெரிகிறது. இரண்டையும் ‘விடுதலை’ என்றே எழுதினால் பன்னிரண்டு ஆண்டுகால வரலாறு ஒரே சொல்லுக்குள் புதைந்துவிடும்.

சட்டம் கட்டியதைச் சட்டம் அவிழ்ப்பது

‘இமான்சிபேட்’ என்ற சொல்லுக்குள் ‘கை’ என்று பொருள்படும் ‘மனுஸ்’ என்ற இலத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. ரோமானியச் சட்டத்தில் மகன் தந்தையின் அதிகாரத்திலிருந்து வெளியேறுவதற்கு இப்பெயர் வழங்கியது. சட்டத்தால் ஏற்பட்ட தளையைச் சட்டமே நீக்குவது என்பது இதன் உட்பொருள். அதனால்தான் அடிமை ஒழிப்புக்கு இச்சொல் நிலைத்தது.

ஆனால், சட்டம் தளையை நீக்கினால் மட்டும் மனிதர் சுதந்திரம் பெற்றுவிடுவாரா? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு 1-இல் நடப்புக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தவில்லை. பொருந்திய இடங்களிலும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற புதுப் பெயரில் பழைய எசமானரிடமே கூலியின்றி உழைத்தனர். அந்த முறை 1838-இல்தான் முடிவுக்கு வந்தது. இரண்டு கோடி பவுன் இழப்பீடு எசமானர்களுக்குக் கிடைத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் 1834-இல் ‘இமான்சிபேட்’ ஆனார்கள், ‘ஃப்ரீ’ ஆகவில்லை. இரண்டு சொற்களும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலாயாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோருக்கு ‘இமான்சிபேட்’ என்ற சொல் கிட்டவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அடிமைகள் அல்லர். எனவே, தவணை முடிந்தால் ஒப்பந்தத்திலிருந்து ‘ரிலீஸ்’ மட்டுமே. இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கொண்டுவரும் முறை இங்கே 1910-இல் தடை செய்யப்பட்டது.

மருத்துவமனையும் நீதிமன்றமும்

‘டிஸ்சார்ஜ்’ என்பது சுமையை இறக்குதல். கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதும், படைவீரர் பணியிலிருந்து விலகுவதும், திவாலானவர் அந்நிலையிலிருந்து நீங்குவதும் இதில் அடங்கும். நோயாளி ‘டிஸ்சார்ஜ்’ ஆனார் என்றால் அவரை உள்ளே வைத்துப் பராமரிக்கும் பொறுப்பு முடிந்தது என்றுதான் பொருள். நோய் தீர்ந்தது என்று பொருளில்லை.

இதே வேறுபாடு நீதிமன்றத்தில் மிகவும் முக்கியமாகிறது. ‘அக்விட்’ என்ற சொல் கடனைத் தீர்த்துக் கணக்கை முடிப்பது என்ற பொருளில் பிறந்தது. ஒருவர் ‘அக்விட்’ செய்யப்பட்டால் அவர்மீதான குற்றம் நிரூபணமாகவில்லை எனத் தீர்ப்பாகிவிட்டது. அத்தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்திற்காக அவரை மறுபடியும் விசாரிக்க முடியாது. ‘டிஸ்சார்ஜ்’ மட்டும் என்றால், அப்போதைக்கு வழக்கு நின்றிருக்கிறது, அவ்வளவுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘டி.என்.ஏ.ஏ.’ என்ற நான்கெழுத்தில் நாளிதழ்கள் சுருக்கி எழுதுவது இதைத்தான். அரசுத் தரப்பு பிறகு அதே குற்றச்சாட்டைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இதைத் தமிழில் ‘விடுதலை’ என்று போட்டால், படிப்பவர் அவரைக் குற்றமற்றவர் என்று முடிவு செய்துவிடுவார். மறுபடியும் வழக்கு வந்தால் ‘விடுதலையான பிறகும் பழிவாங்குகிறார்கள்’ என்பார். நீதிமன்றத்தில் நிற்பவரின் மானமும், பாதிக்கப்பட்டவரின் நியாயமும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் சொல்லில் தொங்குகின்றன. ‘அக்விட்’ என்பதற்கு ‘விடுதலை’ என்றும், ‘டிஸ்சார்ஜ்’ என்பதற்கு ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’ என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ‘மீண்டும் குற்றஞ்சாட்டப்பட இடமுண்டு’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஐயத்திற்கே இடமிராது.

நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை

தமிழிலும் விடுதல், விடுவித்தல், மீட்டல், அவிழ்த்தல், தளைநீக்கம், விலக்களித்தல் எனச் சொற்கள் நிறையவே உண்டு. உறுதிப்பொருள் நான்கனுள் இறுதியான ‘வீடு’ என்பதே ‘விடு’ என்ற வினையடியிலிருந்து பிறந்ததுதான். குறை நம் மொழியில் இல்லை. தேர்ந்தெடுக்கச் சோம்பும் நம் பழக்கத்தில்தான் இருக்கிறது.

எனவே, தமிழ் பயிலும் நண்பர்களே, செய்தி எழுதினாலும் கட்டுரை எழுதினாலும் ‘விடுதலை’ என்று எழுதும் முன் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் பொருத்தமான சொல்லும் கிடைத்துவிடும்.