பேருடலின் தாமதம்

உடலின் ஓர் உறுப்பு நோயுற்றால் ஏனைய உறுப்புகளும் அந்நோவில் பங்கு கொள்கின்றன. முஃமின்களும் அவ்வாறே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் உடல் பெருக்கப் பெருக்க அந்நோவின் செய்தி எவ்வளவு விரைவில் சென்று சேரும்? யானையிடம் விடை இருக்கிறது.

காலில் முள் தைத்தால் அச்செய்தி நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து கட்டளை இறங்குகிறது. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையைச் சுருங்கச் செய்கிறது, கால் விலகுகிறது. மூஞ்சூறுக்கும் யானைக்கும் இவ்வமைப்பு ஒன்றே.

2010-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் கனடா நாட்டு அறிஞர்கள் ஆசிய யானையின் கால் நரம்பை அளந்தனர். செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் வேகத்தில் விரைந்தது. மூஞ்சூறின் காலைவிட யானையின் கால் சுமார் 100 மடங்கு நீளம். நரம்பின் வேகமோ ஏறத்தாழ 2 மடங்கே. ஆகவே செய்தி கடந்து செல்ல யானைக்குச் சுமார் 50 மடங்கு நேரம் பிடிக்கிறது.

நேர்ந்தபின் திருத்திக்கொள்ள அதற்கு அவகாசம் குறைவு. ஐயமுள்ள நிலத்தைத் துதிக்கையால் சோதித்த பின்னரே அது அடியெடுத்து வைக்கிறது. வல்ல அல்லாஹ் அதற்கு அருளிய நிதானம் அது.

நம் ஜமாஅத்துகளும் பெருத்துவிட்டன. கடைக்கோடித் தெருவில் வாழும் விதவையின் பசி நிர்வாகிகளின் செவிக்கு எட்ட நாளாகிறது. செய்தி வரட்டும் என்று காத்திராமல், நாமே முன்சென்று விசாரிப்போமாக!