ஜோடி கிடைத்தும் சீட்டைக் கவிழ்ப்பது ஏன்?

அமெரிக்காவில் உள்ள லாஸ்வேகாஸ் நகரம் சூதாட்டத்துக்குப் பேர்போனது. "போக்கர்" என்ற சீட்டாட்டத்தின் உலகப் போட்டி ஆண்டுதோறும் அங்கேதான் நடக்கிறது. 1970-ம் ஆண்டில் தொடங்கிய போட்டி இது.

2009-ம் ஆண்டு நடந்த முக்கியப் பந்தயத்தில் 6,494 பேர் ஆடினார்கள். நுழைவுக் கட்டணம் 10 ஆயிரம் டாலர்!

வென்றவர் ஜோ கேடா. அப்போது அவருக்கு வயது 21. பரிசுத் தொகை 85 லட்சம் டாலருக்கும் மேல்!

அவருக்குக் கைகொடுத்தவை இரண்டு சின்னஞ்சிறு ஜோடிகள்!

3-ம் நம்பரும் 2-ம் நம்பரும்

கடைசி மேசையில் ஒரு முறை, கேடாவிடம் இரண்டு 3-ம் நம்பர் சீட்டுகள் இருந்தன. எதிராளியிடம் இரண்டு ஜாக்கிகள். கேடா தன் சில்லுகள் முழுவதையும் பந்தயம் வைத்துவிட்டார். மேசையில் இன்னொரு 3 விழுந்தது. பிழைத்தார்!

பிறகு அவரிடம் இரண்டு 2-ம் நம்பர் சீட்டுகள். எதிராளியிடம் இரண்டு ராணிகள். இந்தத் தடவை மேசையில் இன்னொரு 2 விழுந்தது!

இப்படி மோதினால், சின்ன ஜோடி ஐந்தில் ஒரு முறை கூட ஜெயிப்பது இல்லை. கேடா இரண்டு முறை தப்பினார். அது அதிர்ஷ்டம்.

அதைப் பார்த்து மற்றவர்களும் சின்ன ஜோடியை நம்பி இறங்கலாமா?

"கூடாது, முக்கியமாக, முதலில் பேச வேண்டியவர் கூடாது" என்கிறது கணக்கு.

ஆட்டம் எப்படி?

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. பிறகு மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். அவை எல்லோருக்கும் பொது. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கே வெற்றி.

நடுச்சீட்டுகள் வரும் முன்பே, ஒவ்வொருவராகப் பந்தயம் கட்ட வேண்டும். அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

மேசையில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பேசுகிறவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். யார் கையில் என்ன இருக்கிறது? அவருக்குத் தெரியாது!

அவர் கையில் இரண்டு 2 இருந்தால், அந்த எட்டுப் பேரில் ஒருவரிடமாவது பெரிய ஜோடி இருக்க, பத்தில் ஏறக்குறைய நான்கு பங்கு வாய்ப்பு உண்டு.

17-ல் இரண்டு!

மேசையில் முதலில் மூன்று சீட்டுகளை விரிப்பார்கள். அதில் இன்னொரு 2 விழுந்தால் யோகம்தான். ஆனால் அப்படி விழுவது 17 முறையில் இரண்டு முறைதான். மற்ற 15 முறையும் போட்ட பணம் பெரும்பாலும் போனதுதான்.

ஒருவரிடம் 20 ஆயிரம் சில்லுகள் உள்ளன. உள்ளே நுழைய 200 போதும் என்றால், பல முறை முயன்று பார்க்கலாம். ஒரு முறை பலித்தாலும் பெரிய தொகை கிடைக்கலாம்.

ஆனால் போட்டியில் நேரம் ஆக ஆக, நுழையும் தொகையை உயர்த்திக்கொண்டே போவார்கள். அதுவே 2 ஆயிரம் ஆகிவிட்டால்? பத்து முறை தோற்றால் கை காலி. முக்கியப் பந்தயத்தில், சில்லு தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான். மீண்டும் பணம் கட்டி உட்கார முடியாது!

அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள், முதல் இடத்தில் இருக்கும்போது சின்ன ஜோடியைப் பெரும்பாலும் கவிழ்த்துவிடுகிறார்கள். கடைசியில் பேசும் இடம் வந்தால், அதே ஜோடியுடன் துணிந்து இறங்குகிறார்கள். பின்னால் பயப்பட ஆள் இல்லையே!

கேடா 2-ம் நம்பர் ஜோடியுடன் இறங்கியபோதும், போட்டியில் மீதி இருந்தவர்கள் மூன்றே பேர்தான்.

வெறுங்கை

கேடாவின் வெற்றியை உலகமே பேசியது. ஆனால் அந்த 6,494 பேரில் பரிசுப் பணம் பெற்றவர்கள் 648 பேர்தான். மற்ற 5,846 பேரும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

அவர்களிலும் பலருக்கு ஜோடிச் சீட்டு வந்திருக்கும்! மூன்றாவது சீட்டுதான் வரவில்லை.