கரண்ட் போனா பிரேக்கும் போயிடுமா? ஹைட்ரஜன் பஸ்ஸை நிறுத்தும் காற்றின் கதை!

விடிகாலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? டிரைவர் ஏறி இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடுவார். ஆனால், வண்டி நகராது. 'டைம் ஆச்சே, எடுங்கண்ணே' என்று யாராவது குரல் கொடுத்தால், 'இருப்பா, ஏர் ஏறட்டும்' என்பார். டேஷ்போர்டில் ஒரு முள் மெதுவாக மேலே ஏறும். அப்புறம் 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பஸ் கிளம்பிவிடும்.

அந்த 'ஏர்'தான் பஸ்ஸின் பிரேக்.

இப்போது டீசலே இல்லாத ஹைட்ரஜன் பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. இந்தியன் ஆயில் நிறுவனத்துக்காக டாடா மோட்டார்ஸ் தயாரித்த ஃப்யூயல் செல் பஸ்கள் 2023 செப்டம்பரில் டெல்லியில் ஓடத் தொடங்கின. லடாக்கின் லே நகரில் என்.டி.பி.சி நிறுவனத்துக்காக ஐந்து பஸ்களைத் தயாரித்துக் கொடுத்தது, நம்ம சென்னையின் அசோக் லேலண்ட். இந்த பஸ்கள் பற்றிய ஒரு வீடியோவை வீட்டில் காட்டியபோது அம்மா கேட்டார், "இன்ஜினே இல்லேன்னா காத்து எங்கேருந்து வரும்? கரண்ட் போனா பிரேக்கும் போயிடுமா?"

நியாயமான கேள்வி. நாளைக்கு அந்த பஸ்ஸில் ஏறப்போவது நாம்தானே!

பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது?

காரில் பிரேக்கை மிதித்தால், உங்கள் காலின் அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. பத்துப் பதினைந்து டன் பஸ்ஸை அப்படிக் கால் பலத்தை நம்பி நிறுத்த முடியாது. அதனால் கம்ப்ரஸர் மூலம் காற்றை அழுத்தி, வண்டிக்கு அடியில் உள்ள டேங்குகளில் நிரப்பிவைக்கிறார்கள். அதன் அழுத்தம் சுமார் 8 முதல் 10 பார். கார் டயரில் இருப்பதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு!

டிரைவரின் பெடல், தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரிதான். மிதித்தால் வால்வு திறக்கும். டேங்க் காற்று சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் சேம்பருக்குள் பாய்ந்து, ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு கம்பியைத் தள்ள, பிரேக் லைனிங் டிரம்மில் போய் அழுந்தும். காலை எடுத்தால் அந்தக் காற்று வெளியேறும். நாம் கேட்கும் 'புஸ்' சத்தங்களில் ஒன்று அதுதான்.

காற்று தீர்ந்துபோனால்?

இங்கேதான் ஒரு பழைய புத்திசாலித்தனம் இருக்கிறது. 1869-ல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், ரயிலுக்கு ஏர் பிரேக் கண்டுபிடித்தார். அதில் ஒரு சிக்கல். குழாய் அறுந்தால் பிரேக்கும் போச்சு. சில வருடங்களிலேயே அவர் யோசனையைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டார். காற்று குறைந்தால் பிரேக் தானாகவே பிடிக்க வேண்டும் என்று மாற்றியமைத்தார்.

இன்றைய பஸ், லாரிகளில் அந்த வேலையைச் செய்வது ஒரு தடித்த ஸ்பிரிங். பின்சக்கர பிரேக்கில் இருக்கும் இந்த ஸ்பிரிங், எப்போதும் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவே பார்க்கும். காற்றுதான் அதை அமுக்கிவைத்து, சக்கரத்தைச் சுற்ற விடுகிறது. காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் 'ஏர் ஏறட்டும்' என்று டிரைவர் காத்திருப்பது இதனால்தான். காற்று ஏறாத பஸ் நகரவே நகராது.

இந்தத் தொழிலில் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. 1962-ல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், பாடியில் ஏர் பிரேக் பாகங்களைத் தயாரித்தது. அதன் பிரேக் பிரிவு பின்னாளில் 'வாப்கோ இந்தியா' ஆனது. வாப்கோ என்பது 'வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி' என்பதன் சுருக்கம்!

சரி, ஹைட்ரஜன் பஸ்ஸில் காற்று எங்கிருந்து வரும்?

டீசல் பஸ்ஸில் கம்ப்ரஸர், இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். டேங்க் நிரம்பிய பிறகும் அது சும்மாவேனும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஃப்யூயல் செல் பஸ்ஸில் இன்ஜின் கிடையாது. ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேரும்போது மின்சாரம் உண்டாகிறது. கழிவாக வருவது தண்ணீர். அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடுகிறது. எனவே பிரேக் கம்ப்ரஸருக்கும் தனியாக ஒரு மோட்டார் தேவை. டேங்க்கில் அழுத்தம் குறைந்தால் அது ஓடும், நிரம்பினால் நின்றுவிடும். வீட்டு மோட்டாரில் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போட்ட கதைதான்.

இதனால் புதுத் தலைவலிகளும் உண்டு. டீசல் இன்ஜின் இரைச்சலில் கம்ப்ரஸர் சத்தம் காதில் விழாது. அமைதியான பஸ்ஸில் 'டுர்ர்' என்று தனியாகக் கேட்கும். அதனால் சத்தமும் அதிர்வும் குறைந்த கம்ப்ரஸர்களைத் தேட வேண்டியிருக்கிறது. குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி, ஹைட்ரஜனைத் தின்னும்.

ஃப்யூயல் செல்லுக்கும் காற்று வேண்டுமே, ஒரே கம்ப்ரஸர் போதாதா?

போதாது. ஃப்யூயல் செல்லுக்கு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் காற்று வேண்டும். ஆனால், அழுத்தம் குறைவாக இருந்தால் போதும். பிரேக்குக்கு அதில் சிறு பங்கு காற்று போதும். ஆனால், அழுத்தம் பல மடங்கு வேண்டும். ஒன்று மின்விசிறி வேலை, மற்றது பஞ்சர் கடை பம்பு வேலை. தவிர, ஃப்யூயல் செல்லுக்குள் ஆயில் துளி போனால் உள்ளே இருக்கும் பிளாட்டினம் வினையூக்கி கெட்டுவிடும். அந்தக் காற்று சுத்தபத்தமாக இருந்தாக வேண்டும்.

மோட்டாரே பிரேக் பிடிக்குமாமே?

பிடிக்கும். பஸ் வேகம் குறையும்போது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யும். லைனிங் தேய்வதும் சூடாவதும் குறையும். மலைப்பாதையில் இது பெரிய வரம். டிரம் அதிகமாகச் சூடேறிவிட்டால், டேங்க் நிறைய காற்று இருந்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

ஆனால், ஃப்யூயல் செல் மின்சாரத்தைத் தர மட்டுமே செய்யும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. வாங்குவது பேட்டரிதான். இந்த வண்டிகளில் பேட்டரியும் பொதுவாகச் சிறியது. நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். மிச்ச மின்சாரத்தை ரெசிஸ்டரில் சூடாக மாற்றி வெளியேற்றும் ஏற்பாடு சில வண்டிகளில் உண்டு. எப்படியிருந்தாலும், மோட்டார் கைவிட்டாலும் வண்டியை நிறுத்தும் பலம் ஏர் பிரேக்குக்கு இருந்தே ஆக வேண்டும்.

லே நகரத்தின் சவால்

லே சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம், கடலோரச் சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஏர் பிரேக் உள்ள எந்த வண்டியும் அங்கே டேங்க்கை நிரப்ப அதிக நேரம் எடுக்கும். ஃப்யூயல் செல்லுக்குக் காற்று தரும் கம்ப்ரஸருக்கும் கூடுதல் வேலை. குளிர் இன்னொரு எதிரி. காற்றில் உள்ள ஈரம் பிரேக் குழாய்க்குள் உறைந்தால் ஆபத்து. அதனால்தான் டேங்க்குக்கு முன்னால் ஏர் டிரையர் இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சி, அவ்வப்போது 'புஸ்'ஸென்று வெளியே துப்பும்.

கரண்ட் போனா பிரேக் போயிடுமா?

அம்மாவின் கேள்விக்கு வருவோம். போகாது. கம்ப்ரஸர் நின்றாலும், டேங்க்கில் ஏற்கெனவே உள்ள காற்றை வைத்துச் சில முறை பிரேக் பிடிக்கலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி டேங்க் என்பதால், ஒன்று காலியானாலும் மற்றது இருக்கும். அழுத்தம் ரொம்பக் குறைந்தால் டிரைவருக்கு எச்சரிக்கை விளக்கும் பஸரும் வரும். அதையும் தாண்டி இறங்கினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்குக்குக் கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப காத்து இருந்தாத்தான் வண்டி நகரும், இல்லேன்னா நின்னுடும். அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான்.

"சரி, நம்ம ஊருக்கு வரட்டும். ஏறிப் பார்த்துடலாம்!"