கடலில் கைவிடாத பேட்டரி இணைப்பு

இரவு முழுவதும் வலை விட்டுக் காத்திருந்தாயிற்று. விடிந்ததும் என்ஜினைக் கிளப்ப வேண்டும். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். படகு காற்றின் போக்கில் ஒதுங்குகிறது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். பல சமயம் பேட்டரி நன்றாகவே இருக்கும். அதோடு கேபிள் சேரும் இடம்தான் கெட்டிருக்கும். ஒயர்லெஸ், ஜி.பி.எஸ்., விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரம் அந்த வழியாகத்தான் போகிறது.

ஏன் கெடுகிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு ஈரம் பட்டால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். மடையில் குப்பை அடைத்தால் தண்ணீர் குறையும் அல்லவா? அதுபோலக் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். டீசல் என்ஜினைக் கிளப்ப 200 ஆம்பியருக்கு மேலும் தேவைப்படலாம். அவ்வளவு மின்சாரம் பாயும்போது கெட்ட இணைப்பு சூடாகும். 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே வீணானால், என்ஜின் கிளம்பத் திணறும்.

படகின் அதிர்வும் ஒரு காரணம். அதிர அதிர நட்டு தளரும். கம்பி இழை இழையாக அறும்.

எப்படிச் செய்வது?

1. முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அருகில் பீடி பற்ற வைக்கவே கூடாது.

2. வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளை வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதே காரணம்தான். களிம்பு எளிதில் ஏறாது.

3. கேபிளின் அளவுக்கு ஏற்ற லக் வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு 35 லக். லக் பெரிது என்று கம்பியை மடித்துத் திணிக்காதீர்கள். லக் சிறிது என்று இழைகளை வெட்டாதீர்கள்.

4. சூடுபட்டால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஸ்லீவைக் கேபிளில் முதலில் நுழையுங்கள். பிறகு லக்கை மாட்டி, கிரிம்பிங் டூலால் அமுக்குங்கள். சுத்தியலால் தட்டினால் உள்ளே இடைவெளி நிற்கும். வெறும் சால்டரிங்கை நம்பாதீர்கள். இணைப்பு மிகவும் சூடானால் அது உருகிவிடும்.

5. லக்கைப் பலமாக இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. ஸ்லீவை லக்கின் கழுத்துவரை ஏற்றிச் சூடு காட்டுங்கள். இதைப் பேட்டரிக்குத் தொலைவில் செய்யுங்கள். பசை உருகி வாயை அடைத்துவிடும். வெறும் டேப் சுற்றினால் உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும்.

6. பேட்டரி முனையைப் பளபளப்பாகத் தேயுங்கள். முனைமேல் லக், லக்மேல் வாஷர், பிறகு நட்டு. இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள்.

7. ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டுக் கேபிளைப் படகோடு பிடித்துக் கட்டுங்கள். கேபிள் ஆடினால் இணைப்பு நிலைக்காது.

சுத்தம், இறுக்கம், ஈரம் புகாமை. இந்த மூன்றும் இருந்தால் இணைப்பு பல ஆண்டு உழைக்கும்.

கடலுக்குப் புறப்படுமுன் என்ஜினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு லக்கையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? பச்சை தெரிகிறதா? கரையிலேயே சரிசெய்யுங்கள். கரையில் அது அரை மணி நேர வேலை. நடுக்கடலில் அது உயிர்ப் பிரச்சினை.